டெல்லியில் இரண்டு டாக்டர் அண்ணாமலை

விண்ணப்பத்தை ஏற்றி முடித்ததும் கணினித் திரையில் ஒரு பச்சை டிக் வரும். அதைப் பார்த்த நிமிடமே நாற்காலியைத் தள்ளிவிட்டு டீ குடிக்கக் கிளம்புகிறவர்கள் நம் பல்கலைக்கழக ஆராய்ச்சி அலுவலகத்தில் அதிக நாள் குப்பை கொட்ட முடியாது. ஓய்வு பெறும் நாள் வரை நான் அந்த டிக்கை நம்பியதில்லை. டெல்லிக்குப் போன் போட்டு, வந்ததா, திறக்கிறதா, கடைசிப் பக்கம் தெரிகிறதா என்று கேட்ட பிறகுதான் எழுந்திருப்பேன். என் குரலைக் கேட்டாலே அங்கே இருப்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள் என்று கேள்வி. விட்டால் விடட்டும்.

எனக்குப் பிறவியிலேயே சந்தேகப் புத்தி. கத்திரிக்காயை நான் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைப் பார்த்து, "எடுங்க மேடம், பூச்சி இருந்தா நான் ஜாமீன்" என்பார் கடைக்காரர். ஜாமீன் எதற்குச் சொல்கிறார் என்று அதற்கும் ஒரு சந்தேகம் வரும். என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் இந்த வேலைக்கு அந்தப் புத்தி தேவை. புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது, சந்தேகப்படுங்கள் என்பது மட்டும் அல்ல. எதை முதலில் சந்தேகிப்பது, எதைக் கடைசியில் சந்தேகிப்பது என்று ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசை தவறினால் ஒருவருடைய வாழ்க்கையே கெட்டுப்போகும். அப்படிக் கெட இருந்த ஒரு நாளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

எண்பத்தொன்பதில் நான் டைப்பிஸ்டாக இங்கே சேர்ந்தபோது, மத்திய அரசின் ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பம் என்றால் தலையணை உயரத்துக்குக் காகிதம். பதிவுத் தபாலில் போகும், ஒப்புகை அட்டை திரும்பி வரும். அந்த அட்டையில் யாரோ ஒருவரின் கையெழுத்தாவது இருக்கும். பின்னால் எல்லாம் இணையத்துக்கு மாறிய காலத்தில் கையெழுத்தும் போயிற்று, அட்டையும் போயிற்று. டெலிபோன் லைனில் ஓடிய இணைப்பு. முக்கால்வாசி ஏறியிருக்கும்போது அறுந்துவிடும். பாதி போன விண்ணப்பம் டெல்லியில் எந்தக் கோலத்தில் கிடக்கிறதோ யாருக்குத் தெரியும்? அதனால், லைன் அறுந்தால் திரும்பவும் முதலிலிருந்து ஏற்ற வேண்டும் என்பது அலுவலகத்தில் என் உத்தரவு. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் வேதியியல் துறையில் ஒரே அறையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் டாக்டர் அ. அண்ணாமலை. குட்டையான மனிதர், சோடாபுட்டிக் கண்ணாடி, யாரிடமும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். இன்னொருவர் டாக்டர் அ. உண்ணாமலை. அடி அண்ணாமலையில் நிலம் வைத்திருக்கும் ஒரு விவசாயியின் மகள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். சின்ன வயதில் அம்மாவின் ஊரில் வளர்ந்தவர். அங்கே கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஃப்ளூரைடு அவர் பற்களில் பழுப்புக் கறையாக ஏறிவிட்டது. சிரித்தால் கை தானாக வாயை மூடும். அந்தக் கிணறுகளைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்.

அறையில் இருந்ததோ ஒரே கருவி. அதை யார் எப்போது பயன்படுத்துவது என்பதில் இருவருக்கும் ஓயாத சண்டை. நேருக்கு நேர் சண்டை போட்டாலாவது தீர்ந்துபோகும். இது பேசாத சண்டை. ஒருவர் உள்ளே வந்தால் இன்னொருவர் ஜன்னலைப் பார்ப்பார். துறை முழுக்க இது தெரியும்.

அந்த வருடம் இளம் ஆய்வாளர்களுக்கான நிதித் திட்டம் ஒன்று வந்தது. இருவரும் விண்ணப்பித்தார்கள். அண்ணாமலைக்கு இன்னும் சில வருடம் அவகாசம் இருந்தது. உண்ணாமலைக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த வருடம் வயது வரம்பைத் தாண்டிவிடுவார். இதைவிட்டால் கிணறும் இல்லை, ஆராய்ச்சியும் இல்லை, பாடம் நடத்திவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

விண்ணப்பங்கள் கெடுவுக்கு முன்பே போய்ச் சேர்ந்தன. நான் வழக்கம்போலப் போன் செய்து இரண்டும் திறக்கின்றன என்று உறுதி செய்துகொண்டேன். பிழை இருந்தால் திருத்த ஒரு வாரம் கொடுத்திருந்தார்கள். அந்த வாரத்தின் கடைசி நாள், மாலை ஐந்து மணியோடு கதவு மூடிவிடும். அந்த நாள் ஒரு பௌர்ணமி.

பௌர்ணமி என்றால் இந்த ஊரில் அலுவலகம் எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். மதியத்துக்கு மேல் பஸ் எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். கிரிவலம் போகிறவர்கள் போக, அவர்களைத் தாண்டி வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் காலையிலேயே கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்த நேரத்தில் உண்ணாமலை என் மேசை முன்னால் வந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"மேடம், என்னோடது ரத்துனு காட்டுது. நான் ரத்து பண்ணவே இல்லியே."

திறந்து பார்த்தேன். உண்மைதான். இரண்டு நாள் முன்பு, விண்ணப்பதாரரின் வேண்டுகோளின்படி ரத்து என்று இருந்தது. வேண்டுகோள் எங்கிருந்து போயிருக்கிறது என்று தேடினோம். வேதியியல் துறைக்கு இருந்தது ஒரே மின்னஞ்சல். அதைத் திறந்து, அனுப்பியவை என்ற பகுதியைப் பார்த்தோம். ஒற்றை வரி. இன்ன எண் கொண்ட விண்ணப்பத்தை ரத்து செய்யவும். கீழே பெயர், அ. அண்ணாமலை. எண் உண்ணாமலையுடையது.

உண்ணாமலை அழவில்லை. "செஞ்சிட்டாரு பாருங்க மேடம்" என்று மட்டும் சொன்னார்.

செய்தி பதிவாளரின் காதுக்குப் போக அதிக நேரம் ஆகவில்லை. பதிவாளர் நல்லவர்தான், ஆனால் சட்டென்று பற்றிக்கொள்கிற மனிதர். அண்ணாமலை எங்கே என்று கேட்டார். லீவு, கிரிவலம் போயிருக்கிறார் என்றார்கள். செல்போன் வீட்டிலேயே இருந்தது. மலையைச் சுற்றும்போது அவர் போனும் செருப்பும் கொண்டுபோவதில்லையாம்.

"ஆமா, தப்பு பண்ணவன்தான் மலைய சுத்துவான்" என்றார் பதிவாளர். "மேடம், டெல்லிக்கு ஒரு கம்ப்ளெயின்ட் அடிங்க. சக ஆசிரியரோட விண்ணப்பத்த மோசடியா ரத்து பண்ணாருனு எழுதுங்க. நான் கையெழுத்து போட்டுட்டு கெளம்பறேன். உடனே ஃபேக்ஸ்ல போகணும்."

நான் அடித்தேன். அவர் கையெழுத்தும் போட்டார்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த அறையில் அண்ணாமலையை அதிகமாகச் சந்தேகப்பட்டது நான்தான். ஒரு வருடமாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், போட்டியில் இருப்பவர், கடைசி நாளில் ஆள் அகப்படாத இடத்துக்குப் போனவர். இதைவிட என்ன வேண்டும்? ஆனால் ஃபேக்ஸ் மெஷின் முன்னால் போய் நின்றதும் அந்தக் காகிதத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. மோசடி என்ற வார்த்தையைப் படித்ததும் டெல்லியில் என்ன செய்வார்கள்? விசாரணை வைப்பார்கள். விசாரணை முடியும்வரை இரண்டு விண்ணப்பத்தையும் கட்டி ஒரு மூலையில் போடுவார்கள். விசாரணை முடிவதற்குள் வருடம் முடிந்துவிடும். அண்ணாமலைக்குத் தண்டனை கிடைக்குமோ கிடைக்காதோ, உண்ணாமலைக்கு வயது ஏறிவிடும். பதறாத காரியம் சிதறாது என்பார்கள்.

"போச்சா மேடம்?" என்று கதவருகே நின்று கேட்டார் பதிவாளர்.

"லைன் கெடைக்கல சார். பௌர்ணமி இல்லியா?"

"விடாம போடுங்க" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார். நான் காகிதத்தை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன். உண்ணாமலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் இப்போது என்மேலும் சந்தேகம் இருந்தது. அவர்மேல் தப்பு சொல்ல மாட்டேன்.

டெல்லிக்குப் போன் போட்டேன். அந்த நிதித் திட்டத்தைப் பார்க்கும் அதிகாரிக்கு என் குரல் பழக்கம். விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தேன், அவர் நடுவிலேயே நிறுத்தினார். அவர் குரலில் வழக்கமான சலிப்பு இல்லை, வேறு ஏதோ இருந்தது. நீங்கள் எல்லோரும் கெட்டிக்காரர்கள், ஒரே ஆள் இனிஷியலை மாற்றி இரண்டு விண்ணப்பம் போட்டுவிட்டு, மாட்டிக்கொண்டதும் கதை சொல்கிறீர்கள் என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் ஒருவரைத் திருடன் என்று நினைத்துக்கொண்டிருக்க, டெல்லியில் எங்கள் பல்கலைக்கழகத்தையே திருடன் என்று வைத்திருக்கிறார்கள்.

"சார், உங்க திரையில பேரு எப்படி இருக்குதுனு அப்படியே படிங்க" என்று என் ஆங்கிலத்தில் கேட்டேன்.

படித்தார். ஒன்று டாக்டர் ஏ. அண்ணாமலை. மற்றது டாக்டர் யு. அண்ணாமலை. ஒரே பல்கலைக்கழகம், ஒரே துறை, ஒரே மின்னஞ்சல்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த இணையதளத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். நமக்கு ஏது கடைசிப் பெயர்? அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால், நம் பெயர் பின்னால், அவ்வளவுதான். அண்ணாமலை, எழுதுகிற வழக்கப்படி முதல் கட்டத்தில் அ என்ற இனிஷியலையும் இரண்டாவது கட்டத்தில் தன் பெயரையும் போட்டிருந்தார். உண்ணாமலையின் விண்ணப்பத்தில், பாஸ்போர்ட்டுக்கு எழுதுகிற மாதிரி, முதல் கட்டத்தில் அவர் பெயரும் கடைசிக் கட்டத்தில் அப்பா பெயரும் ஏறியிருந்தன. அப்பா பெயர் அண்ணாமலை. இந்த ஊரில் வேறு என்ன பெயர் இருக்கும்? ஆண் என்றால் அண்ணாமலை, இல்லாவிட்டால் அருணாசலம். பெண் என்றால் அம்மன் பெயரில் உண்ணாமலை. டெல்லிக்காரர்கள் முதல் கட்டத்தில் இருப்பதை ஓர் ஆங்கில எழுத்தாகச் சுருக்கிவிட்டு, கடைசிக் கட்டத்தில் இருப்பதைத்தான் ஆளின் பெயர் என்று எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் கணக்கில் டாக்டர் அண்ணாமலை என்று ஒரு பேராசைக்காரன், இரண்டு விண்ணப்பம் போட்டிருக்கிறான்.

அன்புள்ள டாக்டர் அண்ணாமலை, உங்கள் பெயரில் இரண்டு விண்ணப்பம் இருக்கிறது, எதை ரத்து செய்ய வேண்டும் என்று டெல்லியிலிருந்து எண்களை மட்டும் போட்டுக் கேட்டிருக்கிறார்கள், அதிகாரியே சொன்னார். அது துறையின் மின்னஞ்சலுக்கு வந்திருக்கிறது. எங்கள் ஊர்க் கணக்கில் டாக்டர் அண்ணாமலை யார்? அவர் திறந்திருக்கிறார், பதில் போட்டிருக்கிறார்.

நான் விளக்கினேன். யு என்பது ஒரு பெண், அண்ணாமலை என்பது அவருடைய அப்பா என்றேன். டெல்லிக்காரர் கேட்டுக்கொண்டார், நம்பவில்லை. ரத்து செய்யச் சொன்னவர் தானே போன் செய்து, அந்த எண் தன்னுடையது இல்லை என்று சொல்லட்டும், ஐந்து மணிக்குள் என்றார்.

இனி செருப்பும் போனும் இல்லாமல் மலையைச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு மனிதரைப் பௌர்ணமிக் கூட்டத்தில் தேட வேண்டும்.

நான் உண்ணாமலையைப் பார்த்தேன். "உங்க அப்பா இன்னைக்கு எங்கம்மா இருப்பாரு?"

பௌர்ணமி தவறாமல் அவர் அப்பா தன் நிலத்து வெள்ளரிப்பிஞ்சைக் கூடையில் வைத்து, அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் உட்காருவார். பக்கத்திலேயே எஸ்.டி.டி. பூத். உண்ணாமலை அந்த பூத்துக்குப் போன் போட்டு அப்பாவைக் கூப்பிடச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் லைனில் ஒரு கனத்த குரல். போனில் பேசுகிறோமா மைதானத்தில் பேசுகிறோமா என்ற வித்தியாசம் தெரியாத குரல். அதனால் எனக்கும் எல்லாம் கேட்டது.

"நைனா, எங்கூட ரூம்ல இருக்கற சார் அந்தப் பக்கமா வருவாரு. குட்டையா, தடிமனா கண்ணாடி. பாத்தா நிறுத்தி பூத்துக்கு இட்டுனு போ."

"யாரு, ஒன்ன அழவெக்கறவனா? புடிச்சி கட்டிப்போடவா?"

"கட்டியெல்லாம் போடாத நைனா. மரியாதையா பேசு. ஆபீசுக்கு போன் போட சொல்லு."

"பேரு இன்னா?"

"அண்ணாமலை."

"என் பேருல ஒருத்தனா? செரி, பாக்கறேன்."

அதற்குப் பிறகு நடந்ததை அவர் பின்னால் எங்களிடம் நடித்தே காட்டினார். கூடையைப் பக்கத்தில் இருப்பவரிடம் ஒப்படைத்துவிட்டுப் பாதை நடுவில் நின்றிருக்கிறார். கண்ணாடி போட்ட குட்டை ஆள் ஒருவர் கூட்டத்தில் தெரிந்ததும், "அண்ணாமலை!" என்று கத்தியிருக்கிறார். கூட்டம் முழுவதும் "அரோகரா!" என்று பதில் சொல்லியிருக்கிறது. திரும்பவும் கத்தினார், இன்னும் பலமாக அரோகரா. கண்ணாடிக்காரரும் கையைத் தூக்கி அரோகரா சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருக்கிறார். என்ன செய்வார் மனிதர்? பின்னாலேயே ஓடி, "டாக்டர் அண்ணாமலை!" என்றிருக்கிறார். சாமியை யாரும் டாக்டர் என்று கூப்பிடுவதில்லை. அண்ணாமலை நின்று திரும்பிப் பார்த்தார்.

என் மேசையில் போன் அடித்தது, அண்ணாமலைதான். அந்த நேரத்தில் என் வாயில் வந்த முதல் வார்த்தைகளை விழுங்கிவிட்டேன். விழுங்கியது சுலபமாக இல்லை.

"சார், டெல்லிக்கு ஒரு நம்பர ரத்து பண்ண சொன்னீங்களே, அது எதுன்னு நெனச்சி சொன்னீங்க?"

"டபுளா ஏறினதுதான் மேடம். நடுவுல லைன் அறுந்து, திரும்ப ஏத்தினோமே. ஏன்?"

"அது உண்ணாமலையோடது சார்."

அவருக்குப் பின்னால் அரோகரா சத்தம் கேட்டது. பிறகு, "நான் இப்ப இன்னா செய்யணும், சொல்லுங்க" என்றார். குரல் கம்மியாகிவிட்டது. டெல்லி நம்பரைச் சொன்னேன்.

பௌர்ணமியன்று அந்த பூத்திலிருந்து டெல்லிக்கு லைன் கிடைப்பது லேசா? அவர் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் திட்டியிருக்கிறார்கள். வெள்ளரிப்பிஞ்சுக்காரர் பூத் கதவை மறித்து நின்று, சர்க்கார் வேலை நடக்குது, ஒருத்தரும் உள்ளே வரக் கூடாது என்று காவல் காத்திருக்கிறார். இங்கே நாங்கள் இருவரும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உண்ணாமலை நகம் கடித்தார். நான் பூட்டிய மேசை இழுப்பறையின் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன். அண்ணாமலை போன் செய்யாமலே நடையைக் கட்டியிருந்தால்? நான் பூட்டி வைத்த காகிதத்துக்குப் பதிவாளரிடம் என்ன பதில் சொல்வது?

ஐந்து மணியை ஒட்டி டெல்லியிலிருந்தே கூப்பிட்டார்கள். யு. அண்ணாமலையிடம் கொடுங்கள் என்றார் அதிகாரி. உண்ணாமலையிடம் ரிசீவரைக் கொடுத்தேன். பெண் குரலைக் கேட்டதும் அவர் தடுமாறியிருக்க வேண்டும். உங்கள் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார். அப்படி ஒன்றும் இல்லை என்றார் உண்ணாமலை. அப்படியானால் அண்ணாமலை யார்?

"எங்க நைனா" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில், "என் அப்பா. விவசாயி. ஐந்தாவது வரை படித்தவர். உங்களிடம் நிதி எதுவும் கேட்கவில்லை" என்றார்.

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. திரையில் ரத்து என்ற வார்த்தை போய்விட்டது. திரும்பவும் அந்தப் பச்சை டிக். நான் டெல்லிக்கு மறுபடியும் போன் போட்டு, கடைசிப் பக்கம் தெரிகிறதா என்று கேட்டேன்.

அண்ணாமலை சொன்னது உண்மையா? நீங்கள் இதைத்தான் கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. பதில் போடுவதற்கு முன் பக்கத்து மேசையில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒருவருக்கொருவர் பேசாத அறையில் எப்படிக் கேட்பார்? அதுவும் நியாயம்தான். வருடங்கள் கழித்து உண்ணாமலையிடமே கேட்டேன், நீங்கள் நம்பினீர்களா என்று.

"பாதிதான் மேடம். ஆனா அவ்ளோ பேரு திட்டியும் பூத்த விட்டு வரலியாம், நைனா சொன்னாரு. மீதி பாதிய அதுக்கு குடுத்துட்டேன்."

நான் அந்தப் பாதியைக்கூட இன்னும் முழுதாகக் கொடுக்கவில்லை. அது என் சுபாவம். ஆனால் அன்று நான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது அவர் மனசில் என்ன இருந்தது என்பதை அல்ல, ஐந்து மணிக்குள் எதைத் திருத்த முடியும் என்பதை. முதலில் திரையைச் சந்தேகியுங்கள். பிறகு நீங்கள் நிரப்பிய கட்டங்களை. பிறகு டெல்லியை. உங்கள் மேசையில் தயாராக இருக்கும் கோபமான காகிதத்தையும் சந்தேகியுங்கள். மனிதர்களை எல்லாவற்றுக்கும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் எங்கும் போய்விட மாட்டார்கள், சுற்றிக்கொண்டு இங்கேதான் வருவார்கள்.

மறுநாள் பதிவாளர் ஃபேக்ஸ் போயிற்றா என்று கேட்டார். லைன் கடைசிவரை கிடைக்கவே இல்லை சார் என்றேன். அவர் என்னை நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அந்த நிதி உண்ணாமலைக்குத்தான் கிடைத்தது. என்ன சொல்லித் திருத்தினாலும் ஒப்புதல் கடிதம் அன்புள்ள டாக்டர் அண்ணாமலை என்றே ஆரம்பித்தது. உண்ணாமலை அதை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குக் கிளம்பினார், என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நிலத்தில் கொடிகளுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த அப்பாவிடம், "நைனா, டெல்லியிலேர்ந்து உன் பேருக்கு வந்துக்குது. உன்ன டாக்டர் ஆக்கிட்டாங்க" என்று நீட்டினார். வாயை மூடாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, கடிதத்தை வாங்கித் தன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். முன்பக்கம், பின்பக்கம், முத்திரை எல்லாவற்றையும் பார்த்தார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"நான் எதுலயும் கையெழுத்து போடலியேம்மா? நெலத்து மேல ஒண்ணும் கை வெக்க மாட்டாங்களே?"

அவரைத்தான் நம் அலுவலகத்தில் வேலைக்கு வைத்திருக்க வேண்டும்.